3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா? ஒரே சிஸ்டம்ல ரெண்டையும் போட்டு ஓட்டி பாத்தாச்சு

என்கிட்ட என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருக்கு, தம்பி போன மாசம் புதுசா ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினான். அவனுக்கு கேபினெட் வர லேட்டாச்சு, அதனால ரெண்டு வாரம் அவன் கார்டை என் சிஸ்டம்லயே மாட்டி ஓட்டினேன். ரைசன் 5 5600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். கார்டு மாத்தும்போதெல்லாம் டிடியுன்னு ஒரு டூல் வச்சு பழைய டிரைவரை சுத்தமா எடுத்துட்டு திரும்ப போட்டேன், இல்லன்னா எந்த பிரச்சனை கார்டோடது எது டிரைவரோடதுன்னே தெரியாது.

ஸ்பெக்கை மட்டும் பாத்தா 4060 கம்மியான கார்டு மாதிரி தான் தெரியும். 3060ல 3584 குடா கோர் (கணக்கு போடுற சின்ன யூனிட்), 192 பிட் பஸ் (மெமரிக்கு போற வழியோட அகலம்), செகண்டுக்கு 360 ஜிபி பேண்ட்விட்த் (அந்த வழியா போற டேட்டா). 4060ல 3072 கோர் தான், பஸ் 128 பிட், பேண்ட்விட்த் 272 ஜிபி. ஆனா பூஸ்ட் க்ளாக் 1.78 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 2.46க்கு ஏறியிருக்கு, எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளயே இருக்குற சின்ன வேகமான மெமரி, 3 எம்பியா இருந்தது 24 எம்பி ஆயிருக்கு. கேஷ் பெருசா இருக்கறதால கார்டு ஒவ்வொண்ணுக்கும் மெமரி வரைக்கும் போக வேண்டியதில்ல, அதான் சின்ன பஸ்ஸை வச்சுக்கிட்டும் சமாளிக்குது. டிஎல்எஸ்எஸ் (கம்மி ரெசல்யூஷன்ல வரைஞ்சு ஏஐ வச்சு பெருசாக்குற வசதி) எதுவும் போடாம 1080பில ஓட்டுனா 4060 சுமாரா 15ல இருந்து 20 சதவீதம் முன்னாடி நிக்கும். சைபர்பங்க் 2077 ஹை செட்டிங்ல 3060 செகண்டுக்கு அறுபது ஃப்ரேமை (எஃப்பிஎஸ்) ஒட்டி நின்னா 4060 எழுபதை தாண்டிடுது, ஓட்டும்போது வித்தியாசம் தெரியுது. வேலரண்ட் ஜிடிஏ 5 மட்டும் விளையாடுறவங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல யோசிக்கவே வேணாம், அங்க ரெண்டுமே தேவைக்கு மேல தான்.

எனக்கு 4060ல ரொம்ப பிடிச்சது ஃப்ரேம் ரேட் கூட இல்ல, கரண்ட். 3060க்கு 170 வாட், 4060க்கு 115 வாட். 55 வாட் தானேன்னு தோணும், ஆனா மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல உக்காந்து ஓட்டி பாருங்க, அந்த 55 வாட்டும் சூடா உங்க ரூமுக்குள்ள தான் இறங்குது. ஃபேன் சத்தமும் பாதியா குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எங்க ஏரியால அடிக்கடி கரண்ட் போகும், என்கிட்ட இருக்கறது சின்ன யூபிஎஸ், 3060ல கேம் ஓடும்போது கரண்ட் போனா சேவ் பண்றதுக்குள்ள பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சிடும், 4060 போட்டப்போ பதறாம சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண முடிஞ்சுது. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் விளையாடினா மாசத்துக்கு 8 யூனிட் மிச்சம், அது தனி.

இப்போ விரேம், அதாவது கார்டுலயே இருக்குற மெமரி, அந்த விஷயத்துக்கு வரேன், இத பத்தி சொல்லணும்னு தான் எழுதவே உக்காந்தேன். 8 ஜிபி பத்துற வரைக்கும் 4060 ஜம்முனு ஓடும். பத்தலன்னா ஃப்ரேம் ரேட் கொஞ்சம் கொஞ்சமா குறையும்னு நினைக்காதீங்க, திடீர்னு ஒரு இடத்துல திக்கும், கேரக்டரை திருப்பினா சுவரெல்லாம் மொழுக்குனு களிமண் மாதிரி நிக்கும், அப்புறமா டெக்ஸ்ச்சர் வந்து ஒட்டும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1ல டெக்ஸ்ச்சரை அல்ட்ரால வச்சப்போ எனக்கு இது தான் நடந்துச்சு, ஹாக்வர்ட்ஸ் லெகசில ரே ட்ரேசிங் ஆன் பண்ணப்பவும் இதே கதை. அதே செட்டிங்கை 3060ல வச்சா சராசரி எஃப்பிஎஸ் ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா திக்காம ஒரே சீரா போகுது. டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கினா 4060 மறுபடி முன்னாடி வந்துடும், அதுவும் உண்மை தான்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, பழைய போர்டு வச்சிருக்கவங்க கவனிங்க. போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பிசிஐ எக்ஸ்பிரஸ் வழில 4060 8 லேன் தான் யூஸ் பண்ணும், 3060 முழுசா 16 லேன். என் பி450 மாதிரி பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுல 8 லேனுக்கு செகண்டுக்கு கிட்டத்தட்ட 8 ஜிபி தான் போகும். விரேம் நிறையாத வரைக்கும் இது தெரியவே தெரியாது. நிறைஞ்சு வழிஞ்சா கார்டு சிஸ்டம் ரேமை தேடி அந்த வழியா தான் போகணும், அப்போ திக்கல் இன்னும் மோசமாகுது.

ஃப்ரேம் ஜெனரேஷன், அதாவது ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல கார்டே ஒரு ஃப்ரேமை உருவாக்கி சொருகறது, 4060ல இருக்கு, என்விடியாவோடது 3060ல வராது. சைபர்பங்க்ல ஆன் பண்ணா கண்ணுக்கு நல்லா தான் இருக்கு, ஆனா ஏற்கனவே அறுபதுக்கு பக்கத்துல ஓடுற கேம்ல தான் அது உருப்படியா இருக்கும், முப்பதுல ஓடுறதை அறுபதா காட்டுனா மவுஸ் கனமா இழுக்குற மாதிரி ஒரு ஃபீல் வருது. அதுக்கே தனியா கொஞ்சம் விரேம் வேற வேணும். ஏஎம்டியோட எஃப்எஸ்ஆர் 3 இருக்குற கேம்கள்ல 3060லயும் ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டுக்கலாம், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல.

தம்பி யூடியூப்ல லைவ் போடுவான், அவனுக்கு 4060 தான் சரி. ஏவி1ங்கற புது வீடியோ ஃபார்மட்ல சுருக்குற என்கோடர் 4060ல இருக்கு, 3060ல ஏவி1 டீகோட், அதாவது பாக்கறது, மட்டும் தான். அப்லோடு ஸ்பீடு கம்மியா இருக்குற வீட்டு கனெக்ஷன்ல அதே பிட்ரேட்டுக்கு படம் நல்லாவே தெளிவா வருது. எனக்கு பிளெண்டர்ல 3டி வேலை இருக்கு, வீட்லயே சின்ன ஏஐ மாடல் ஓட்டிப் பாக்கறேன். 4 பிட்டுக்கு சுருக்கின 13பி (1300 கோடி பாராமீட்டர்) மாடல் கிட்டத்தட்ட 8 ஜிபி வரும், 3060ல முழுசா உள்ள உக்காந்துடும், 4060ல உக்காராது, பாதி சிபியுவுக்கு போய் மெதுவா நகருது. சின்ன சீன் ரெண்டர்ல 4060 முன்னாடி முடிக்குது, ஆனா பெரிய டெக்ஸ்ச்சரோட சீன் கொடுத்தா மெமரி பத்தலன்னு நிக்கிற கார்டு எவ்ளோ வேகமா இருந்து எனக்கு என்ன. அவன் கேபினெட் வந்ததும் 4060ஐ கழட்டி குடுத்துட்டு என் 3060ஐயே திரும்ப மாட்டிட்டேன்.

3060 இப்போ பழசு தான் நிறைய வருது, 2021ல வந்த கார்டு, அப்போ கிரிப்டோ மைனிங் உச்சத்துல இருந்த நேரம், கார்டு அதுல ராப்பகலா ஓடியிருக்கலாம், அதனால ஃபேனை கையால சுத்தி பாருங்க, அரை மணி நேரமாவது லோடு குடுத்து பாக்காம காசை எடுக்காதீங்க. முக்கியமா 3060 பேர்லயே 8 ஜிபி வெர்ஷன் ஒண்ணு 2022 கடைசில வந்துச்சு, பாக்ஸ்ல பேர் ஒண்ணு தான், பஸ் 128 பிட், வேகமும் கம்மி. எனக்கு ஒரு கடைல "3060 தான் சார், எல்லாம் ஒண்ணு தான்"னு அதை எடுத்து நீட்டினாங்க. கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓபன் பண்ண சொல்லுங்க, 192 பிட், 12 ஜிபின்னு காட்டினா மட்டும் வாங்குங்க.