வீட்டுக்குப் பேன் பார்க்கும் அம்மம்மா

பெப்ரவரியில் கலா பொலவில் வாங்கிய ஓவியம் இது. சந்தையில் சிரிக்க வைத்த படம் வீட்டுச் சுவருக்கு வந்த பிறகும் சிரிக்க வைக்குமா என்று தெரியவேண்டியிருந்தது, அதனால் சில மாதம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். கலா பொல, ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான அறக்கட்டளை 1993இல் தொடங்கிய ஓவியச் சந்தை. வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பில் விகாரமகாதேவி பூங்காப் பக்கம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடக்கும், அந்த வீதியை எங்கள் ஆட்கள் இன்னும் கிரீன் பாத் என்ற பழைய பெயரில்தான் சொல்வார்கள். ஓவியரே தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்பார், நேரே கேட்கலாம், நேரே வாங்கலாம். இது எனக்குப் பெரிய விஷயம். முன்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு கலரிக்குப் போனபோது விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது, கூட வந்த அம்மா ஒரு வார்த்தை வாசிக்க முடியாமல் திரும்பினார்.

சரி, படத்துக்கு வருகிறேன். மட்டக்களப்புத் தங்கச்சி ஒருத்தி வரைந்தது. அம்மம்மா ஒருவர் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால், தலை வாரக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஓட்டு வீடு. அம்மம்மா ஓடுகளை முடியை விலக்குவது போல விலக்கி விலக்கிப் பேன் பார்க்கிறார். ஓட்டுக்கு அடியில் விரல் நகம் அளவில் ஆட்கள் ஓடி ஒளிகிறார்கள், ஒருவர் மட்டும் சாரத்தோடு நின்று பேப்பர் வாசிக்கிறார். "கிட்ட வந்து கையைப் பாருங்க அக்கா" என்றாள். பார்த்தேன். பெருவிரல் நகங்கள் இரண்டும் சேரும் இடத்தில் தோல் வெளுத்திருப்பது, மூட்டில் சுருங்கிய கோடுகள், ஒரு பழைய தீக்காயம், எல்லாம் அப்படியே. வீடு கனவாக இருக்கலாம், கைகள் கனவு இல்லை. அம்மம்மாவின் முகத்திலும் துளி ஆச்சரியம் கிடையாது, நேற்றும் இதைத்தான் செய்தவர் போல இருக்கிறார். படம் நிற்பது அந்தக் கைகளாலும் அந்த முகத்தாலும்தான். கனவில் வருவது போல வரையும் இந்தச் சர்ரியல் பாணி என்றால் பாரிசிலிருந்து வந்த ஏதோ என்று நினைக்கிறோம், ஆனால் கோயிலில் காமதேனு வாகனத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள்தானே நாங்கள், பசு உடம்பில் பெண் முகம், அந்த முகத்தில் எவ்வளவு அமைதி! ஓவியர் மஞ்சுஸ்ரீயும் விகாரைச் சுவரோவியங்களை வருடக்கணக்காகப் பிரதி எடுத்தவர், பிறகு அவர் சொந்தமாக வரைந்தவற்றிலும் கனவின் சாயல் உண்டு. இவளையும் அந்த வழியில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

அவளுடைய எல்லாப் படமும் இப்படி இல்லை. கடற்கரை ரயிலில் எல்லோருக்கும் மீன் தலை, மீன்காரருக்கு மட்டும் மனிதத் தலை என்று ஒன்று. முதல் பார்வைக்கு நல்ல வேடிக்கை, இரண்டாம் தடவை பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. தலையை மாற்றியதோடு விட்டுவிட்டாள், உட்கார்ந்திருக்கும் விதத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை.

விலை 35,000 ரூபாய், இரண்டடிக்கு இரண்டரை அடி, கன்வஸில் அக்ரிலிக். பேரம் பேசவில்லை, அந்தக் கைகளுக்கு அது கூடின விலையாகத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் கடல் காற்று, மழை தொடங்கியதும் துணி கொஞ்சம் தொய்ந்தது. போன் பண்ணினேன். சட்டத்தின் மூலைகளில் இருக்கும் சின்ன மர ஆப்புகளை மெதுவாகத் தட்டச் சொன்னாள், தட்டியதும் இறுகிவிட்டது. கடல் பக்கச் சுவரில் மாட்ட வேண்டாம், படத்துக்குப் பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள் என்றும் சொன்னாள். விற்ற பிறகும் இப்படிப் பொறுமையாகப் பேசுவது பெரிய காரியம். கையெழுத்துக்குப் பதிலாக மூலையில் சின்னதாய் ஒரு காகம் வரைகிறாள். அடுத்த கலா பொலவுக்குப் போனால் அந்தக் காகத்தைத் தேடுங்கள்.

போன கிழமை பெரியம்மா வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போய் நின்றார், தன் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பி, "இது பேன் பார்க்கிற கை இல்லை பிள்ளை, ஈர் இழுக்கிற கை" என்றார்.