“உங்கள் கார்டை கிரேடிங்குக்குத் தயார் செய்து தருகிறோம்”: கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

1999ஆம் ஆண்டு வெளியான ஆங்கில போக்கிமான் கார்டு விளையாட்டின் முதல் தொகுப்பான பேஸ் செட்டின் சாரிசார்ட் கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை கிரேடிங் நிறுவனத்துக்கு (கார்டின் நிலையைப் பரிசோதித்து மதிப்பெண் தரும் நிறுவனம்) அனுப்பித் தருவதாக ஓர் இடைத்தரகர் வாங்கிக்கொண்டார். ‘தூசி துடைத்து, உறையிட்டு அனுப்பினால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம்’ என்று எழுத்திலேயே கொடுத்திருந்தேன். கார்டு மதிப்பெண் இல்லாமல் திரும்பி வந்தது. ஓரம் வெட்டப்பட்டதற்கான அடையாளம் இருக்கிறதாம். மதிப்பீட்டுக் கட்டணமும் போனது.

புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் இப்படிப்பட்டவர்களின் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதைக் கொண்டே ஆளை அடையாளம் காணலாம். கிரேடிங்கில் பார்ப்பது நான்கு: சென்டரிங், மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. அவருடைய விளம்பரம் இந்த நான்கையுமே ‘உயர்த்தித் தருவோம்’ என்கிறது. சென்டரிங்கை எப்படி உயர்த்துவார்? படத்தைச் சுற்றியுள்ள கரை இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்பது ஆலையில் தாளை வெட்டியபோதே முடிந்துபோன விஷயம். அதன்பின் அதை மாற்ற ஒரே வழி, அகலமான பக்கத்தைச் சீவுவது. அந்த வாக்குறுதியைக் கொடுக்கிறவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

கொடுக்கும் முன் இருபுறமும் ஸ்கேன் எடுத்து வைத்திருந்தேன். அதில் இடக்கரை கண்ணுக்குத் தெரியும்படி அகலம். திரும்பி வந்த கார்டில் இரண்டு கரையும் அநேகமாகச் சமம்! போக்கிமான் கார்டு சுமார் 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். வெர்னியர் காலிப்பரில் வைத்தபோது உயரம் சரியாக இருந்தது, அகலம் மட்டும் குறைந்திருந்தது. அதே செட்டின் வேறொரு கார்டோடு சேர்த்துப் பிடித்தால் அளவுகோலே தேவையில்லை. லென்ஸ் வழியாகப் பார்த்தால் மூன்று விளிம்புகள் ஒரு தினுசாகவும் நான்காவது மட்டும் புத்தம்புதிதாகவும் தெரிந்தன.

கேட்டபோது முதலில் ‘மதிப்பிடுகிறவரைப் பொறுத்தது’ என்றார். பிறகு ‘நீங்கள் கொடுத்தபோதே அப்படித்தான் இருந்தது’ என்றார். ஸ்கேனை அனுப்பியதும் ‘இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், வாக்னர் கார்டே வெட்டியதுதானே’ என்று உலக வரலாற்றுக்குப் போய்விட்டார். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் டி206 தொகுப்புக் கார்டைச் சொல்கிறார். பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனம் 8 மதிப்பெண் கொடுத்த அந்தப் புகழ்பெற்ற கார்டின் ஓரத்தை வெட்டியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது உண்மை. அதே மோசடி வழக்கில் அவர் சிறைத்தண்டனை பெற்றதும் உண்மை. நம் ஆள் கதையின் முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

வெட்டுவது மட்டுமல்ல. மினுமினுக்கும் ஹோலோ பரப்பில் உள்ள கீறலை மறைக்க பாலிஷ் போட்டுத் தேய்ப்பது, வெளுத்த மூலைக்குப் பேனாவால் மை தொடுவது, மடிப்பை ஈரப்படுத்தி அழுத்தி நிமிர்த்துவது எல்லாமே கார்டைத் திருத்தியதாகத்தான் கொள்ளப்படும். என் இன்னொரு கார்டில் பாலிஷ் வேலை நடந்திருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வட்ட வட்டமாகத் தேய்த்த கோடுகள் தெரிகின்றன. பழைய கீறல் ஒன்றுக்கு பதிலாக இப்போது முழுப் பரப்பும் கெட்டிருக்கிறது.

முறையான தயாரிப்புக்கு ஆளே தேவையில்லை என்பதுதான் இதில் எரிச்சலான சங்கதி. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் தூசியைத் தட்டி, மெல்லிய பிளாஸ்டிக் உறையான பென்னி ஸ்லீவில் போட்டு, அதைச் சற்று வளையும் கார்டு சேவர் உறையில் செருகினால் வேலை முடிந்தது. கெட்டியான டாப்லோடர் உறை வேண்டாம். அதிலிருந்து வெளியே எடுக்கும்போது மூலை அடிபடலாம். இடைத்தரகர் மூலம்தான் அனுப்ப வேண்டிய நிலை என்றால், கொடுக்கும் முன் ஸ்கேனும் அளவும் எடுத்து, அந்தப் பிரதியில் அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். கையெழுத்துக்குத் தயங்குகிறவரிடம் கார்டைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிப்பட்டவர்களிடம் ஏற்கெனவே கொடுத்து வாங்கிய கார்டு உங்களிடம் இருந்தால், விற்கும் முன் அளந்து பாருங்கள். வெட்டிய கார்டு என்று பின்னால் தெரிந்தால், வாங்கியவர் பணம் கேட்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.