மயில் மான்டிஸா, சிறிய மான்டிஸா? மேலோட்டை வைத்து எடுக்க வேண்டிய முடிவு

உப்புநீர்த் தொட்டியில் மான்டிஸ் ஷ்ரிம்ப் (இறால் போல ஓடுள்ள கடல் விலங்கு) வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது மயில் மான்டிஸைத்தான். ஓடொன்டோடாக்டிலஸ் சில்லாரஸ் என்ற இந்த இனம் 18 செ.மீ. வரை வளரும். பச்சை, சிவப்பு, நீலம் என்று உடம்பெல்லாம் நிறம். முன்காலால் அது கொடுக்கும் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும் என்று ஆய்வாளர் ஷீலா படேக்கின் குழு 2004-ல் அளந்து சொன்ன பிறகு மவுசு இன்னும் ஏறிவிட்டது. மறுபக்கம் கோனோடாக்டிலஸ் கைராக்ரா, நியோகோனோடாக்டிலஸ் வெனரே போன்ற சிறிய சம்மட்டி வகைகள் (மயிலைப் போலவே முன்காலால் இரையை அடித்து உடைப்பவை). ஏழு முதல் பத்து செ.மீ., பெரும்பாலும் பச்சையும் பழுப்பும்தான். என் தொட்டியில் இருப்பது சிறியது. ஆகவே சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மயிலுக்கு 120 லிட்டருக்குக் குறையக் கூடாது, சிறியதற்கு 30–40 லிட்டர் போதும். உப்படர்த்தி 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், துணைக்கு யாரும் வேண்டாம். கண்ணாடி உடைவது அபூர்வம். மணலுக்கு அடியில் ஒரு அக்ரிலிக் தகடு விரித்தால் அந்தப் பயமும் தீரும். உண்மையில் அடி வாங்குவது கண்ணாடித் தெர்மாமீட்டரும் ஹீட்டரும்தான். இரண்டையும் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த தனி வடிகட்டும் தொட்டி) வைத்துவிடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

முடிவைத் தீர்மானிப்பது ஓட்டு நோய். ஓட்டின் மூலப்பொருளான கைட்டினை அரிக்கும் பாக்டீரியா பிடித்தால் முதலில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி தெரியும், பிறகு அது குழியாகும், அதன் பிறகு கறுத்த அரிப்பு. வால் தட்டை அடிக்கடி பார்க்க வேண்டும். கடைகளில் விற்கும் மீன் மருந்துகளில் பலவற்றில் செப்பு இருக்கும். அதை ஊற்றினால் நோய்க்கு முன் மான்டிஸ் போய்விடும். நம்பக்கூடிய தீர்வு அடுத்த ஓடு உரிப்பு மட்டுமே. அரிப்பு மேலோட்டமாக இருந்தால் பழைய ஓட்டோடு கழன்றுபோகும். ஓட்டைத் துளைத்துத் தசையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பழைய ஓடு ஒட்டிக்கொள்ளும், உரிப்பின் நடுவிலேயே உயிர் போய்விடும்.

இங்கேதான் மயில் பின்தங்குகிறது. உடல் பெரிதாகப் பெரிதாக இரண்டு உரிப்புகளுக்கு இடையே நாள் நீண்டுகொண்டே போகும். சிறியது ஓட்டை மாற்றிக்கொண்டே இருக்க, வளர்ந்த மயில் மாதக்கணக்கில் அதே ஓட்டோடு கிடக்கும். புள்ளி குழியாவதற்கு அந்த அவகாசம் போதும். வாழிடமும் வேறு. கைராக்ரா அலை ஏறி இறங்கும் ஆழமற்ற பாறைத்திட்டில், வெயில் படும் இடத்தில் வாழ்வது. மயில் பவளத்திட்டின் அடிவாரத்தில், பெரும்பாலும் 10 மீட்டருக்குக் கீழே, சில்லுகளுக்குள் வளை தோண்டி இருப்பது. அதைப் பவளம் வளர்க்கும் விளக்கின் கீழ் வைத்தால் ஓட்டு நோய் வர வாய்ப்பு அதிகம் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாக ஒத்துக்கொள்ளும் விஷயம். ஒளி நேரடியாகக் கெடுக்கிறதா, ஒளியால் வரும் நெருக்கடி கெடுக்கிறதா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எப்படியானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மங்கலான நீல விளக்கு, இருட்டான வளை.

அந்த வளைக்கு 2 அங்குல பி.வி.சி. குழாய் வேண்டும். உடல் நீளத்தைப் போல மூன்று மடங்கு எடுத்து, 45 டிகிரி எல்போ இரண்டு போட்டு, இரு வாயும் மேலே தெரிய நடுப்பகுதியை மணலில் புதையுங்கள். குழாய் ஒடுக்கமாகிவிட்டால் உள்ளே திரும்ப முடியாமல் அதைக் கைவிட்டு வெளிச்சத்தில் திரியும். பக்கத்தில் விரல்நுனி அளவுச் சில்லுக்கல் இரண்டு கைப்பிடி போட்டு வையுங்கள். உரிப்புக்கு முன் அவற்றைக் கொண்டுதான் வாயை அடைக்கும். அடைத்துக்கொண்டால் ஒரு வாரமானாலும் குடைந்து பார்க்காதீர்கள், உணவும் போடாதீர்கள். சிறியதற்கு முக்கால் அல்லது ஒரு அங்குலக் குழாய், இல்லாவிட்டால் பாறையில் ஒரு பொந்து, அவ்வளவே. பாறை என்று பவளத்தை வாங்கிவிடாமல் கவனம்: பவளங்கள் இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். உலர் பாறையே போதும்.

அடுத்த செலவு சூடு. மயிலுக்கு 24–26 டிகிரி வேண்டும். சென்னையின் மே மாதத்தில் 120 லிட்டரை அங்கே நிறுத்த சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் முடியாது. நீர்ப்பரப்பில் காற்றடிக்கும் மின்விசிறி உதவும். ஆனால் கடலோர ஈரப்பதத்தில் ஆவியாதல் குறைவு, ஆகவே இறங்குவது இரண்டொரு டிகிரிதான். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்புநீர் ஊற்றினால் அடர்த்தி ஏறும். 40 லிட்டர் தொட்டியை ஏ.சி. அறையில் வைத்தே சமாளித்துவிடலாம்.

உணவு இரண்டுக்கும் ஒன்றுதான்: ஓட்டோடு மட்டி, சிறு நத்தை, நண்டு, வாரம் இரண்டு மூன்று முறை. மயில் விட்டுவைக்கும் மிச்சம் அதிகம். மறுநாளே எடுக்காவிட்டால் நைட்ரேட் ஏறும், ஓட்டு நோய்க்கு அதுவும் வழிவிடும். வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுவது 120 லிட்டருக்கு 18 லிட்டர், சிறிய தொட்டிக்கு 6 லிட்டர். உப்பு விலை தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

அடிப்பதற்குப் பதில் இரையைக் குத்திப் பிடிக்கும் ஈட்டி வகைகளைப் பற்றி என் பேச்சுக்குக் கனம் குறைவு. சூடோஸ்குவில்லா சிலியாட்டா அளவில் சிறியது, வீட்டுக்குப் பொருந்தும் என்றே தோன்றுகிறது, மீனோடு மட்டும் சேர்க்கக் கூடாது. லைசியோஸ்குவில்லினா மாகுலாட்டா 40 செ.மீ. நெருங்கும், ஆழமான மணல் கேட்கும், வீட்டில் வேண்டாம். சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இழுவை வலையில் வந்து கொட்டிக் கிடப்பவை சேற்றில் வாழ்பவை. வலையிலேயே அடிபட்டிருக்கும். தூக்கிவந்து தொட்டியில் விட்டுப் பயனில்லை.

நிறத்துக்காக மயில்தான் வேண்டும் என்றால் பவளம் இல்லாத தனித் தொட்டி, முதலில் சில்லர், பிறகு விலங்கு. முழு வளர்ச்சி அடைந்ததை விட்டு 8–10 செ.மீ. அளவில் வாங்குங்கள். கடையிலேயே நத்தை ஒன்றைப் போட்டு உடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு சம்மட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று உரிப்பில் முளைத்துவிடும். வால் தட்டில் கறுப்புக் குழி இருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.