640 சிங்கப்பூர் வெள்ளி போச்சு: தீட்டிய சூப்பர்ஹீரோ மினியேச்சர் செட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

640 வெள்ளி. விளம்பரத்தில் இருந்தது அப்படியே: "கிரைசிஸ் புரோட்டோகால், 24 உருவங்கள், அனைத்தும் ஒரிஜினல் கடின பிளாஸ்டிக், ஏர்பிரஷ் ப்ரைமர், கையால் தீட்டிய வண்ணம், மேட் வார்னிஷ், ஃபோம் பெட்டியுடன்." கைக்கு வந்ததில் ஒரிஜினல் ஒன்பதுதான். மீதி பதினைந்தும் யாரோ வீட்டு ரெசின் பிரிண்டரில் (ஒளி பட்டால் இறுகும் திரவத்தில் உருவம் செய்யும் கருவி) அடித்த நகல்கள். நேற்று இரவு ஹல்க்கின் முழங்காலுக்குக் கீழே விரிசல் விட்டு, உள்ளே தேங்கிக் கிடந்த இறுகாத ரெசின் கசிந்து ஃபோமில் ஊறிவிட்டது. பெட்டியைத் திறந்தால் அறை முழுக்க நாற்றம். பக்கத்தில் இருந்த மூன்று உருவங்களின் வண்ணமும் பிசுபிசுத்துப் போயிற்று. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்குபவர்கள் செய்யவேண்டிய சோதனைகளைக் கடைசியில் தருகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. அட்டாமிக் மாஸ் கேம்ஸ் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த மார்வெல் மேசை விளையாட்டுதான் கிரைசிஸ் புரோட்டோகால். முதல் கோர் பெட்டியில், அதாவது தொடக்க செட்டில், பத்துப் பேர். சாதாரண ஆள் ஏறத்தாழ 40 மிமீ உயரம் வரும் அளவில் செய்த உருவங்கள். ஒட்டாமல், வண்ணம் பூசாமல், சட்டத்தில் கோத்த பாகங்களாகத்தான் வரும். ஹீரோகிளிக்ஸ் வகை விளையாட்டுகளைப் போல வண்ணத்தோடு வருவதில்லை. வெட்டி, தேய்த்து, ஒட்டி, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, தீட்டி முடிக்க ஓர் உருவத்துக்குச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரம் இல்லாதவர்கள்தான் தீட்டிய செட்டைத் தேடிப் போகிறார்கள். ஏமாற்றுபவர்கள் காத்திருப்பதும் அங்கேதான்.

விற்றவர் கடை இல்லை. சிங்கப்பூரில் பலரும் பழைய பொருள் விற்க வாங்கப் பயன்படுத்தும் செயலி ஒன்றில் கணக்கு வைத்திருக்கும் தனிநபர். நல்ல மதிப்பீடுகள், தமிழில் பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை "அண்ணே". நம்ப வைத்தது அந்த அண்ணே அல்ல, அவருடைய தொழில் அறிவு. ப்ரைமர் எப்படி அடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "முதலில் கறுப்பு, பிறகு 45 பாகை மேலிருந்து சாம்பல், நேர் மேலிருந்து வெள்ளை" என்று பதில் வந்தது. சிவப்புக்கு அடியில் என்ன என்றதற்கு, "கறுப்பு மேல சிவப்பு ஏறாதுண்ணே, செம்பழுப்பு ஒரு கோட் போட்டுட்டுத்தான் சிவப்பு." அத்தனையும் சரியான பதில். பொய் சொல்பவனுக்கு இவ்வளவு தெரிந்திருக்காது என்று நினைத்ததுதான் பிழை. வேலை தெரிந்தவர்தான் ஏமாற்றியிருக்கிறார், அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

பொருளை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கைமாற்றினார். மூன்றடுக்கு ஃபோம் பெட்டி. மேலடுக்கைத் திறந்து, கேப்டன் அமெரிக்காவையும் அயர்ன் மேனையும் எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டும் ஒரிஜினல். அயர்ன் மேனின் தங்க நிறம் பழுப்பு அடித்தளத்தின் மேல் சுத்தமாக ஏறியிருந்தது, அக்குளில் வாஷ் (பள்ளங்களில் நிழல் காட்டும் நீர்த்த வண்ணம்) சரியான இடத்தில் நின்றிருந்தது. "கீழடுக்கை இங்க பிரிச்சா ஃபோம் திரும்பச் சரியா உக்காராது, வீட்ல போய்ப் பாருங்கண்ணே" என்றார். செயலியின் பாதுகாப்புக் கட்டண வழி வேண்டாம், கட்டணப் பிடித்தம் போகிறது, பேநவ் (வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வழி) செய்துவிடுங்கள் என்றும் சொன்னார். 640 வெள்ளி அந்த நிமிடமே போனது. மேலடுக்கில் கோர் பெட்டியின் பத்தில் ஒன்பது பேர், அத்தனையும் அசல். கீழே இருந்த இரண்டு அடுக்கும் போலி.

முதலில் கண்ணில் பட்டது பேஸ், அதாவது உருவம் நிற்கும் வட்டத் தட்டு. இந்த விளையாட்டில் பேஸ் 35, 50, 65 மிமீ என்று மூன்று அளவில் வரும். சாதாரண உடல்வாகு உள்ளவர்கள் பெரும்பாலும் 35. கீழடுக்கில் ஏழு பேர் 32 மிமீ பேஸில் நின்றார்கள். மூன்று மிமீதானே என்று விட முடியாது. தூரம் அளப்பது பேஸின் விளிம்பிலிருந்து. நகர்வுக் கருவியைத் தொட்டு வைத்து உருவத்தை நகர்த்துவதும் அதே விளிம்பை வைத்துத்தான். சின்ன பேஸ் என்றால் எதிரி எட்டும் தூரத்துக்கு வெளியே நிற்பது எளிது, ஆனால் குறிக்கோள் டோக்கனை எட்டுவது கடினம். எதிரே அமர்ந்து விளையாடுபவர் ஒப்புக்கொள்ள மாட்டார், போட்டியில் மேசையிலேயே வைக்க விட மாட்டார்கள்.

சரி, பேஸை மாற்றிவிடலாம் என்றால் அங்கேதான் அடுத்த அடி. சூப்பர் குளூவில் ஒட்டிய உருவத்தை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், மெல்லத் திருகினால் பாதம் பேஸிலிருந்து கழன்று வரும். பிளாஸ்டிக் உருவத்தில் பல முறை பலித்த வழி இது. இங்கே இரண்டு உருவங்கள் கணுக்காலிலேயே ஒடிந்தன. ஒடிந்த இடம் பிளாஸ்டிக்கைப் போல வளைந்து வெளுக்காமல், கண்ணாடி உடைந்தது போலப் பளபளவென்று தட்டையாக இருந்தது. ரெசின்தான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது அப்போதுதான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாமே வெளியே வந்தது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் இரு பாதிகள் சேரும் கோடு உடலின் பக்கவாட்டில் ஓடும், எவ்வளவு தேய்த்தாலும் எங்காவது மிச்சம் இருக்கும். தோளிலும் இடுப்பிலும் பாகங்கள் ஒட்டிய இணைப்பு தெரியும். நகலில் இரண்டும் இல்லை, ஒரே கட்டை. பதிலுக்குத் தோரின் மேலங்கிக்கு உட்புறமும், தாடைக்குக் கீழும், முன்கைக்கு அடியிலும் வரிசையாகக் கடுகளவு குழிகள். பிரிண்ட் செய்யும்போது தாங்கிப் பிடித்த குச்சிகளை வெட்டிய தழும்புகள் அவை. மேலங்கியின் சரிவில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் படிக்கட்டு போல அடுக்குக் கோடுகள். விளம்பரப் படங்கள் எல்லாம் முன்பக்கம் மட்டும், கறுப்புத் துணிப் பின்னணியில் எடுத்தவை. முதுகு ஒன்றில்கூட இல்லை.

ஸ்பைடர்மேன்தான் மிக மோசம். ஒரிஜினலில் உடையின் வலைக்கோடுகள் செதுக்கியே வரும், நீர்த்த கறுப்பு வாஷ் விட்டால் தானாகவே கோட்டுக்குள் ஓடி நிற்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த நகலில் அந்தக் கோடுகள் மழுங்கிப் போய், வாஷ் பிடிக்க இடமில்லாமல் நெஞ்சில் திட்டுத் திட்டாகத் தேங்கியிருக்கிறது. அதை மறைக்க மேலே பேனாவால் கோடு இழுத்திருக்கிறார். மேட் வார்னிஷ் பட்டதும் பேனா மை கலங்கிச் சிவப்பில் ஊதா படர்ந்துவிட்டது.

வார்னிஷ், அதாவது வண்ணத்தின் மேல் அடிக்கும் காப்புப் பூச்சு, அதன் கதை தனி. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பல நேரம் 80 விழுக்காட்டைத் தாண்டும். மழைநாளில் தாழ்வாரத்தில் நின்று மேட் (பளபளப்பில்லாத) ஸ்பிரே அடித்தால் பூச்சுக்குள் ஈரம் சிக்கி, வெண்சாம்பல் தூவியது போலப் படியும். டப்பாவைத் தூரத்தில் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ஆறு உருவங்களில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருந்தன. வெளுப்பு மட்டும் என்றால் தூரிகையால் பளபளப்பான வார்னிஷ் மெல்லியதாக ஒரு கோட் கொடுத்து, காய்ந்தபின் தூரிகையாலேயே மேட் கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். சொரசொரப்புக்கு மருந்தில்லை, வண்ணத்தை முழுக்க உரிக்கத்தான் வேண்டும்.

உரிப்பதிலும் கை கட்டப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் என்றால் 99 விழுக்காடு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் அரை மணியோ ஓர் இரவோ ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் கழன்றுவிடும். பிரிண்ட் ரெசினை அவ்வளவு நேரம் விட்டால் உப்பி, மென்மையாகி, உருவத்தின் விரல் நுனிகள் வெடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்தாக வேண்டும். அசிட்டோன் பக்கமே போகக்கூடாது, அது ஒரிஜினல் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். எது என்ன பொருள் என்று சொல்லாமல் கலந்து விற்றவர், வாங்கியவர் நல்ல உருவங்களையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்.

இப்போது ஹல்க். பெரிய உருவத்தை ரெசின் மிச்சம் பிடிக்க உள்ளீடற்றதாக அடிப்பார்கள். அப்படி அடித்தால் பாதத்திலோ முதுகிலோ வடிகால் ஓட்டைகள் குறைந்தது இரண்டு விட்டு, உள்ளே ஆல்கஹால் விட்டு அலசி, யூவி (புற ஊதா) விளக்கை உள்ளேயும் காட்டி இறுக வைக்க வேண்டும். இதில் ஓட்டையே இல்லை. உள்ளே அடைபட்ட திரவம் மெல்ல மெல்லச் சுவரைத் தின்று, மூன்று வாரத்தில் வெடித்தது. வெளியிலிருந்து யூவி காட்டிச் சரிசெய்யவும் முடியாது, ப்ரைமரும் வண்ணமும் ஒளியை மறைக்கும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை நிலைத்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது அலமாரியில் நின்றிருந்தால்? 640 வெள்ளி வாங்கிக்கொண்டு இதையா கொடுப்பது?

இனி அவருடைய பதில்கள். பேஸ் பற்றிக் கேட்ட அன்று: "32 வெச்சாலும் ஆடலாம்ணே, யாரும் அளக்க மாட்டாங்க." ரெசின் என்று படத்தோடு காட்டியதும்: "ரெசின்லதான் டீட்டெயில் நல்லா வரும், உங்களுக்கு லாபம்தான்." ஒரிஜினல் பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தீர்களே என்றதும் இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் பார்த்தால் விளம்பரத்தில் "ஒரிஜினல்" என்ற சொல்லே இல்லை, திருத்திவிட்டார். அதைக் கேட்டதற்கு, "கையில பாத்துத்தானே வாங்குனீங்க?" காலுடைந்த படங்களுக்கு, "நீங்க ஃப்ரீசர்ல வெச்சது என் தப்பா?" கடைசியாக, அடுத்த ஆர்டரில் 40 வெள்ளி கழித்துத் தருகிறேன் என்றார். 640 வெள்ளிக்கு 40, அதுவும் மறுபடி அவரிடமே வாங்கினால்! நேற்று ஹல்க் படத்தை அனுப்பியபோது செய்தி போகவே இல்லை. தடுத்துவிட்டார்.

செயலியின் உதவிப் பிரிவு அதைவிட மோசம். நான்கு முறை எழுதியும் ஒரே வாசகம்: பாதுகாப்புக் கட்டண வழியில் பணம் செலுத்தப்படாததால் எங்களால் தலையிட இயலாது. புகார் எண் கொடுத்தார்கள், மறுநாள் "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். எது தீர்ந்தது? அந்தக் கணக்கு இன்றும் திறந்திருக்கிறது, இன்று காலைகூட "தீட்டிய எக்ஸ்மென் செட், 18 உருவம்" என்று புது விளம்பரம் வந்திருக்கிறது. அதே கறுப்புத் துணி.

சிறு தொகைக் கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். கையில் இருப்பது ஒரு கைப்பேசி எண். வாங்கும் அன்றே முகவரி கேட்டிருக்க வேண்டும்.

சோதனைகளைக் கடைசியில் தருவதாகச் சொன்னேன். எழுதக் கை ஓடவில்லை, முக்கியமானவை மட்டும்.

எல்லா அடுக்கையும் அங்கேயே திறங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாதத்துக்கு அடியிலோ பேஸின் உட்பக்கமோ வண்ணம் படாத இடத்தில் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள்: சுருளாக வந்தால் பிளாஸ்டிக், மாவாக உதிர்ந்தால் ரெசின். பிளாஸ்டிக் பேஸில் ரெசின் உருவத்தை ஒட்டியிருப்பார்கள், அதனால் பேஸில் மட்டும் சுரண்டி ஏமாறாதீர்கள், உருவத்திலும் சுரண்ட வேண்டும். பேஸை அளக்க ஓர் அளவுகோல் கொண்டு போங்கள். முதுகுப் படம் கேளுங்கள், அன்றைய தேதி எழுதிய தாளோடு. விளம்பரத்தை அன்றே படமெடுத்து வையுங்கள், பிறகு மாற்றுவார்கள். பேநவ் கூடாது, எவ்வளவு பிடித்தம் போனாலும் செயலி வழியாகவே கட்டுங்கள்.

அவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் பெரிய உருவங்களை இன்றே தனியே எடுத்து வையுங்கள். எடையைக் கையில் பாருங்கள், குலுக்கிப் பாருங்கள். கசிவோ பிசுக்கோ இருந்தால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தண்ணீர்க் குழாயில் கழுவிச் சாக்கடையில் விடாதீர்கள். துடைத்த தாளையும் ஃபோமையும் வெயிலில் முழுதாக இறுகும் வரை வைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். ஹல்க் இப்போது சன்னலோரம் ஒரு கண்ணாடிப் புட்டியில் கிடக்கிறது, இன்னும் கசிவது நிற்கவில்லை.