விமானி இருக்கையா, கடற்படைத் தலைமையகமா?

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானப் போர் கணினி விளையாட்டில் எஃப்-18 போர் விமானத்தைக் கிளப்புவதே தனிப் பாடம். பேட்டரியைப் போட்டு, துணை எஞ்சினை ஓடவிட்டு, முதலில் வலது எஞ்சின், அப்புறம்தான் இடது. திசைகாட்டும் கருவி சரியாகும்வரை சில நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இத்தனையும் முடித்து மேலே ஏறினால், எங்கிருந்தோ வரும் ஏவுகணை நொடியில் கதையை முடித்துவிடும். ஜாய்ஸ்டிக் செலவு வேறு. இலவசமாக வரும் சு-25டி விமானத்தில் தொடங்கலாம்.

ரூல் தி வேவ்ஸ் 3 என்ற கடற்படை விளையாட்டு இதற்கு நேர் எதிர். பார்த்தால் எக்செல் தாள் மாதிரி இருக்கும். 1890-இல் தொடங்கி 1970 வரை மாதம் மாதமாக நகரும். கப்பலை நாமே வடிவமைக்க வேண்டும். கவசத்தை ஓர் அங்குலம் கூட்டினால் வேகத்திலோ பீரங்கியிலோ கை வைத்தாக வேண்டும். வருடக்கணக்கில் காத்திருந்து கட்டிய போர்க்கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கும்போது வரும் வலி, விமானம் விழும்போது எனக்கு வருவதில்லை. சாதாரண மடிக்கணினியே போதும். என் ஓட்டு கப்பலுக்குத்தான்.