பெரிய மரம் பார்க்க எந்தக் காடு: ஜயன்ட் ஃபாரஸ்டா, மரிபோசாவா, கலவேரஸா?

எங்கள் அப்பா நாற்பது வருடம் மரவாடி நடத்தியவர். நிற்கிற மரத்தைப் பார்த்தே இத்தனை கன அடி தேறும் என்று சொல்லிவிடுவார். அவரும் அம்மாவும் கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் சான் ஹோசேக்கு வந்திருந்த கோடையில், செக்கோயா மரங்கள் நிற்கும் மூன்று காடுகளுக்கும் அவர்களை அழைத்துப் போனோம். "ஒரே இடம்தான் போக முடியும், எங்கே போகலாம்?" என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் முயர் வுட்ஸில் பார்ப்பது கடலோர ரெட்வுட். அது இன்னும் உயரமாகப் போகும், ஆனால் உடம்பு ஒல்லி. செக்கோயா கன அளவில் உலகிலேயே பெரியது. சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மட்டும்தான் தானாக வளர்கிறது.

நேரம் குறைவு, பெரியவர்களுக்கு முழங்கால் வலி என்றால் கலவேரஸ் பிக் ட்ரீஸ். சான் ஹோசேயிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். உயரம் 4,700 அடிதான், மூச்சு வாங்காது. வடக்குத் தோப்பைச் சுற்றும் பாதை பெரும்பாலும் சமதரை. ஆனால் அங்கே முதலில் கண்ணில் படுவது ஓர் அடிமரம். 1853-இல் கண்காட்சிக்காக வெட்டிய மரம் அது. அத்தனை பெரிய ரம்பம் கிடையாது என்பதால் துளைபோடும் கருவியால் சுற்றிலும் துளைத்துத் துளைத்தே சாய்த்திருக்கிறார்கள். அதற்கு 22 நாள் ஆனது. பிறகு அந்த அடிமரத்தின் மேல் நடனமாடினார்கள். படியேறி மேலே நிற்கலாம். அப்பா குறுக்கே அடி வைத்து அளந்துகொண்டே போனார், பாதியில் நின்றுவிட்டார். அடுத்த வருடம் பக்கத்திலேயே இன்னொரு மரத்தின் பட்டையை உயிரோடு உரித்துக் கொண்டுபோய் நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்டினார்கள். உரித்த மரம் கருகிய தூணாக இன்னும் நிற்கிறது. "வெட்டினா பலகையாவது ஆகுமா?" என்று அப்பா கேட்டார். பெரும்பாலும் ஆகாது. முதிர்ந்த செக்கோயா நொறுங்கும் மரம். சியராவின் மற்ற இடங்களில் வணிகத்துக்காக வெட்டியபோது, விழுந்த வேகத்திலேயே பல துண்டாகி வேலிக் கம்பத்துக்கும் தீக்குச்சிக்கும் போனது. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

மரிபோசா யோசெமிட்டி தேசியப் பூங்காவின் தெற்கு வாசலில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-இல் லிங்கன் கையெழுத்திட்டு யோசெமிட்டி பள்ளத்தாக்கோடு சேர்த்துக் காப்பாற்றிய தோப்பு. ஐந்நூறுக்கும் மேல் முதிர்ந்த மரங்கள் உண்டு. சுமார் 3,000 வயது என்று கணிக்கப்படும் கிரிஸ்லி ஜயன்ட் என்ற மரம் கொஞ்சம் சாய்ந்தபடி நிற்கிறது. அருகிலேயே 1895-இல் வண்டி போகக் குடைந்த மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதற்குள் நடந்து போகலாம். 2018-இல் புதுப்பித்துத் திறந்தபோது தோப்புக்குள் இருந்த வாகன நிறுத்தத்தையே எடுத்துவிட்டார்கள். செக்கோயாவின் வேர் ஆழமாக இறங்காது, அகலமாகப் பரவும். மேலே தார் போட்டால் தண்ணீர் இறங்காது. இப்போது காரைக் கீழே விட்டுவிட்டுப் பூங்காவின் பேருந்தில் ஏற வேண்டும். குளிர்காலத்தில் பேருந்து ஓடாது, இரண்டு மைல் நடக்க வேண்டும்.

மரிபோசாவின் குறை மரத்தில் இல்லை, யோசெமிட்டியில்தான். அருவியும் பாறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொலைவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் வண்டியிலும் அதுதான் நடந்தது. கிரிஸ்லி ஜயன்டோடு திரும்பிவிட்டோம், மேல் தோப்பைப் பார்க்கவே இல்லை.

என் ஓட்டு ஜயன்ட் ஃபாரஸ்டுக்கு. செக்கோயா தேசியப் பூங்காவில் இருக்கிறது. நாலரை, ஐந்து மணி நேரப் பயணம், ஓர் இரவு தங்கினால்தான் சரிப்படும். த்ரீ ரிவர்ஸ் வழி கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. அம்மாவுக்குக் குமட்டியது. ஃபிரெஸ்னோவிலிருந்து 180-ஆம் எண் சாலையில் போனால் வளைவு குறைவு. வழியில் கிராண்ட் தோப்பில் இறங்கி, சின்னச் சுற்றில் ஜெனரல் கிராண்ட் மரத்தையும் பார்த்துவிடலாம். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, மலையேறுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஜயன்ட் ஃபாரஸ்டில் நிற்கும் ஜெனரல் ஷெர்மன்தான் உலகிலேயே மிகப் பெரிய மரம். 275 அடி உயரம், அடிப்பாகத்தின் விட்டம் 36 அடி, முதல் பெரிய கிளையே 130 அடி உயரத்தில்தான் தொடங்குகிறது. அப்பா வழக்கம்போல் கண்ணால் கணக்குப் போட ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டார். தண்டு மட்டும் சுமார் 52,500 கன அடி என்று சொன்னேன். "என் மரவாடிக்கு ஆயுசுக்கும் வந்ததே அவ்வளவு இருக்குமா தெரியல" என்றார். இறங்குவது அரை மைல்தான், ஆனால் 7,000 அடி உயரத்தில் படியேறித் திரும்ப வேண்டும். வழியில் பெஞ்சுகள் இருக்கின்றன, அவசரப்படாதீர்கள்.

ஷெர்மனுக்குப் பத்து நிமிடம் போதும். வேலி, கூட்டம், படம் எடுக்க வரிசை. அங்கிருந்து பிரியும் காங்கிரஸ் பாதையில் நடங்கள். கால் மணி நேரத்தில் ஆள் அரவம் குறைந்துவிடும். கொத்துக் கொத்தாக மரங்கள், பலவற்றின் அடியில் கருகிய பொந்து. இரண்டடி வரை தடிக்கும் பட்டைதான் இத்தனை காலம் நெருப்பிலிருந்து காத்தது. காய் கோழிமுட்டை அளவுதான். வருடக்கணக்கில் பச்சையாகக் கிளையிலேயே கிடந்து, கீழே தீ எரியும் சூட்டில் உலர்ந்து திறந்து, ஓட்ஸ் அவல் போன்ற விதையைக் கொட்டும். சருகு எரிந்து வெளிப்பட்ட மண்ணில்தான் அது நன்றாக முளைக்கும்.

நூறு வருடம் சின்னத் தீயையெல்லாம் அணைத்து அணைத்துக் காட்டில் விறகு சேர்ந்துவிட்டது. வறட்சியும் வெப்பமும் சேர்ந்தன. 2020, 2021 தீக்களில் மட்டும் உலகின் பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் அழிந்ததாகப் பூங்காவின் மதிப்பீடு. ஷெர்மனின் அடியில் அலுமினியப் போர்வை சுற்றிக் காப்பாற்றினார்கள். பிள்ளைகள் வளரட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

அப்பாவின் ஓட்டு கலவேரஸுக்கு. அடுத்த முறை வந்தால் அந்த அடிமரத்தை மறுபடி பார்க்க வேண்டுமாம். பாதியில் விட்ட அளவை முடிக்க வேண்டும் என்கிறார்.