பானையா, குருத்தோலையா, கொழுந்துக் கூடையா: ரிங்லெட்டில் நாங்கள் தேர்ந்த கைத்தொழில்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் நகரின் கோயில் மண்டபத்தை ஒட்டியிருக்கும் சிறு கூடத்தில், வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் ஏதேனும் ஒரு மரபுக் கைத்தொழிலை வருகையாளர் முன் செய்து காட்டுவதென்று ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்தபோது, மூன்று தொழில்கள் எங்கள் முன் நின்றன. ஒன்று சக்கரத்தில் பானை வனைதல், இரண்டாவது தென்னங்குருத்தோலை முடைதல், மூன்றாவது தேயிலைக் கொழுந்து போடும் மூங்கில் கூடை பின்னுதல். முதல் இரண்டையும் சில வாரங்கள் நடத்திப் பார்த்துவிட்டு, கடந்த ஏழு மாதங்களாகக் கூடையை நடத்திவருகிறோம். ஆகவே என் எழுத்து கூடையின் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்பகுதியின் பூர்வகுடிகளான செமாய் மக்கள் வேட்டைக்குப் பயன்படுத்தும் ஊதுகுழலைப் பற்றியும் பேச்சு எழுந்தது. அதை அவர்கள் தங்கள் கிராமங்களிலேயே செய்து காட்டுகிறார்கள். அவர்களுடைய தொழிலை நாங்கள் எடுத்துக் காட்டுவது முறையன்று என்பதால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

பார்ப்பதற்கு அழகானது பானைதான். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. சுழலும் களிமண் விரல்பட்டு எழும்பும்போது குழந்தைகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். செலவிலும் சக்கரமே முதலிடம். ஓலைக்கும் மூங்கிலுக்கும் ஒரு பாராங் கத்தியும் சிறு கத்திகளும் போதும்.

பானை எங்களைக் கைவிட்டது மலையின் ஈரத்தால். ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரில், காலையில் வெயில் தெரிந்தாலும் பல நாள்களில் பிற்பகலில் மழை இறங்கிவிடுகிறது. வனைந்த பானை உள்வரை உலராமல் சூளைக்குப் போனால், மண்ணில் தங்கிய நீர் ஆவியாகிப் பானையை வெடிக்கச் செய்துவிடும். கோலகங்சாரை அடுத்த சாயோங்கில் புகழ்பெற்ற கருநிற லாபு சாயோங் குடுவையைச் செய்பவர்கள், சுட்ட சூட்டோடு அதை உமியில் புதைத்துக் கறுப்பேற்றுகிறார்கள். அங்கே வெயிலும் இருக்கிறது, உமியும் இருக்கிறது. இங்கே இரண்டும் அருமை. எங்கள் முதல் தொகுதிப் பானைகள் இரண்டு வாரம் கழித்தும் அடிப்பாகத்தில் ஈரம் காட்டின. கோயிலுக்குப் பக்கத்தில் சூளைப் புகையை எழுப்பவும் எங்களுக்கு மனமில்லை.

குருத்தோலைக்கு வேறொரு பலம் உண்டு. கோயில் தோரணத்துக்கு நாம் முடையும் அதே இளம் ஓலையில்தான் மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடு, அதாவது அரிசியை உள்ளே இட்டு வேகவைக்கும் சிறு ஓலைக்கூடு, பின்னுகிறார்கள். ஒரு சனிக்கிழமை ஓலைக்கிளி முடைய உட்கார்ந்திருந்த எங்கள் அத்தையின் பக்கத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த மலாய் அம்மையார் ஒருவர் தாமாகவே உட்கார்ந்து ஒரு கூட்டைப் பின்னி முடித்தார். பத்து நிமிடத்தில் ஒரு பொருளைப் பிள்ளைகளே செய்து கையோடு கொண்டுபோகலாம் என்பதிலும் ஓலையை மிஞ்ச வேறொன்றில்லை. ஆனால் இந்தக் குளிரில் தென்னை சரியாக வளர்வதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுமார் 45 கிலோமீட்டர் கீழே இருக்கும் தாப்பாவிலிருந்து, வளைந்து ஏறும் அந்தப் பாதையில் ஓலைக்கட்டை யாராவது ஏற்றிவர வேண்டும். ஒரு வாரம் ஆள் வரவில்லை என்றால் கூடம் பூட்டியே கிடக்கும்.

இவற்றையெல்லாம்விட எங்கள் முடிவைத் தீர்மானித்தது, தொடங்கும்போது யாருமே நினைத்துப் பார்க்காத ஒரு கேள்விதான்: வேலையைப் பாதியில் நிறுத்திவைக்க முடியுமா?

வருகையாளர்கள் நம் நேரத்துக்கு வருவதில்லை. பத்து மணிக்கு இரண்டு வேன்கள் சேர்ந்து வரும். பிறகு மலையில் மேலே இருக்கும் தானா ராத்தா நகரின் பக்கம் நெரிசல் கூடினால் இரண்டு மணிவரை ஒருவரும் வரமாட்டார்கள். மழை விட்டதும் நாற்பது பேர் ஒன்றாக நுழைவார்கள். சக்கரத்தில் ஏற்றிய மண்ணை இருபது நிமிடம் விட்டுவிட்டு வந்து தொடர முடியாது. ஒன்று சரிந்துவிடும், அல்லது விளிம்பு இறுகிவிடும். பிரித்து வைத்த குருத்தோலையும் ஓரம் சுருண்டு, மடக்கும் இடத்தில் வெடித்துவிடுகிறது. ஆகவே யாருமில்லாத நேரத்தில் செய்பவர் சும்மா இருப்பார், கூட்டம் வந்ததும் முதலிலிருந்து தொடங்குவார். பின்னால் வருபவர்கள் எப்போதும் தொடக்கத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் போவார்கள்.

கூடை அப்படியன்று. அடி பின்னிய நிலையில் மூன்று நாள் கிடந்தாலும், மூங்கிலைப் பிளந்து உரித்த சிம்புகளை நீரில் நனைத்து மீண்டும் இளக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இதைக் கண்டுகொண்ட பிறகு, எப்போதும் மூன்று கூடைகளை மூன்று நிலைகளில் வைத்துக்கொள்கிறோம்: அடி மட்டும் முடிந்தது ஒன்று, சுவர் பாதி எழும்பியது ஒன்று, வாய்விளிம்புக்கு ரோத்தான் பிரம்பு சுற்றக் காத்திருப்பது ஒன்று. ஐந்து நிமிடமே நிற்கும் ஒருவரும் ஒரு கூடை எப்படிப் பிறக்கிறது என்பதை முழுவதுமாகப் பார்த்துவிடுகிறார். பின்னுபவரான பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. முதுகு வலித்தால் அவர் எழுந்து நடக்கவும், தேநீர் குடிக்கவும் இந்தத் தொழில் இடம் தருகிறது. வயதானவர்களைக் கொண்டே நடக்கும் இம்மாதிரி முயற்சிகளில் இதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது என் மனத்துக்கு நெருக்கமானது. 1929ஆம் ஆண்டு ரஸ்ஸல் என்பவர் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தச் சரிவுகளில் கொழுந்தெடுத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். இன்று செங்குத்தான இடங்களில் கத்தரியும், மற்ற இடங்களில் இருவர் பிடித்து நகர்த்தும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன; முதுகுக் கூடை வேலையிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. கூடத்துக்கு வரும் மூத்த பெண்கள் முடிந்த கூடையை எடுத்ததும், யாரும் சொல்லாமலே வாரைத் தோளில் மாட்டி முதுகில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். "வாய் இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கணும்" என்று பெரியவரிடம் சொன்னார். அடுத்த கூடையின் வாய் அகலமாகவே வந்தது.

குறைகளும் இருக்கின்றன. கூடையை வருகையாளர் அரைமணியில் பின்னி முடிக்க முடியாது. உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பின்னலை மட்டும் கற்றுக்கொடுத்து, ஓரத்தைக் கட்டித் தருகிறோம். பிள்ளைகளுக்கு இதில் ஓலைக்கிளியின் மகிழ்ச்சி கிடைப்பதில்லை. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைக்கும் என்பதால், மூன்று வயதுக்கு மேல் முற்றிய மூங்கிலாகப் பார்த்துத் தேய்பிறையில் வெட்டி, ஓடும் நீரில் இரண்டு வாரம் ஊறப்போட்ட பிறகே பிளக்கிறார் பெரியவர். தேய்பிறைக் கணக்கு அவருடைய நம்பிக்கை. ஊறவைப்பதன் பலனை நாங்களே கண்டோம், ஊறாத மூங்கிலில் பின்னிய ஒரே கூடையின் அடியில்தான் வண்டு துளைத்த மாவு உதிர்ந்தது. ஆனால் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் கூடைகள் எத்தனை ஆண்டு நிற்கும் என்று ஏழு மாத அனுபவத்தை வைத்து நான் உறுதி கூற மாட்டேன். விற்பனையைப் பற்றியும் அப்படித்தான். இதுவரை பதினொரு கூடைகள் போயின, அவற்றில் நான்கை வாங்கியவர்கள் எங்கள் உறவினர்களே.

தாப்பா, பீடோர் போன்ற அடிவார ஊர்களில் இதே முயற்சியில் இறங்குபவர்களுக்கு நான் ஓலையையே முதலில் சொல்வேன். அங்கே தென்னை வீட்டு வாசலில் நிற்கிறது. மலையில் இருப்பவர்கள் கூடைக்கு வரலாம், ஆனால் மூங்கிலைப் பிளக்கத் தெரிந்த இரண்டாவது ஆளைத் தொடக்கத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும். எங்களிடம் பின்னக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒரே தடிமனில் சிம்பு உரிக்க அவர்களுக்கு இன்னும் கை படியவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரியவர் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அதை மட்டுமே பழக்கிவருகிறார்.